இழந்த பாதியும் கிடைத்த பாதியும்

மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் கம்பனைப் பற்றியோ கந்தபுராணத்தைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றே எண்ணியிருப்பர். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயினும், கடந்த ஈராண்டுகளாக என் உள்ளத்தை விட்டகலாது நிற்பது, யான் ஒருபோதும் கண்டிராத ஒரு நகரத்தின் நூலகத்தில், எனக்கு வாசிக்கத் தெரியாத குறியீடுகளால் எழுதப்பட்டு இருக்கும் 27 தொகுதிகளின் வரலாறேயாகும். இந்துக் கல்லூரி மலரில் இத்தாலி தேசத்து இசையேடுகளுக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளராயின், சற்றுப் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றேன். காரணத்தை ஈற்றிற் கூறுவேன்.

என் தமக்கையின் மகன் பிழைப்பின் பொருட்டு இத்தாலி நாட்டில் வாழ்பவன். ஈராண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்திருந்தபோது, ஒருநாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தன் கைத்தொலைபேசியில் ஒரு வயலின் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தான். மேல்நாட்டிசையில் எனக்குப் பயிற்சி சிறிதும் இல்லை. எனினும், அவ்விசையில் ஒரு துண்டு போய்ப் போய் மீண்டு வந்ததும், வருந்தோறும் கேட்பவர் நெஞ்சு அதனை எதிர்கொண்டு நின்றதும், சிறு பிராயத்தில் யான் கேட்ட கூத்துத் தருக்களை நினைவூட்டின.

"ஆருடைய இசை தம்பி இது?" என்றேன்.

"இவர் ஒரு பாதிரியார், மாமா. செத்து இருநூறு வருஷமாய் இவரை ஒருத்தரும் தேடேல்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய கடுதாசிக் குவியலுக்குள்ளைதான் இவற்றை பாட்டெல்லாம் கிடந்ததாம்" என்றான்.

பள்ளிக்கூடம் என்ற சொல் என்னை நிமிர்ந்திருக்கச் செய்தது. அன்று தொடங்கி, அவன் சொல்லியும் அனுப்பியும், யானே தேடிக் கற்றும் அறிந்தவற்றைச் சுருக்கி ஈண்டுத் தருகின்றேன்.

அந்தோனியோ விவால்டி 1678-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 4-ம் நாள் வெனிசு நகரிற் பிறந்தவர். 1703-ம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்றார். தலைமயிர் செந்நிறமாய் இருந்தமையின், ஊரார் அவரைச் செந்நிறக் குருவானவர் என்றே அழைத்தனர். குருப்பட்டம் பெற்ற அவ்வாண்டிலேயே, பியேத்தா என்னும் பெயருடைய, கைவிடப்பட்ட பெண்குழந்தைகளை வளர்க்கும் இல்லத்தில் வயலின் ஆசிரியராக அமர்ந்தார். அவ்வில்லத்துப் பெண்களின் இசையைக் கேட்பதற்கெனவே பிறநாட்டுப் பிரயாணிகள் வெனிசுக்கு வந்தனர். தாய் தந்தையர் இன்னாரென அறியாத அச்சிறுமியரின் கைகளுக்காகவே விவால்டி தம் இசையுருப்படிகளுட் பெருந்தொகையானவற்றை ஆக்கினார். வாரந்தோறும் மாணவருக்குப் புதிய பாடம் ஆயத்தஞ் செய்வதன் உழைப்பு எத்தகையதென்பதை ஆசிரியர் நன்கறிவர். அவர் கை அத்துணை விரைவானது. எழுத்தர் ஒருவர் படியெடுத்து முடிக்குமுன் தாம் புதியதோர் உருப்படியை ஆக்கிவிடுவதாக அவர் பெருமை பேசியதைப் பிரெஞ்சு நாட்டுப் பிரயாணி ஒருவர் 1739-ம் ஆண்டிற் குறித்துள்ளார். 1719-ம் ஆண்டில் அரங்கேறிய ஓர் இசைநாடகத்தின் ஏட்டில், இது ஐந்து நாட்களிற் செய்யப்பட்டது என விவால்டி தம் கையாலேயே எழுதி வைத்துள்ளார்.

இத்துணைப் புகழ் பெற்றவர், முதுமையில் வாழ்வு தேடி வியன்னா சென்று, 1741-ம் ஆண்டு யூலை மாதம் 28-ம் நாள் வறுமையில் மாண்டார். மக்கள் சுவை மாறிற்று, பெயரும் மங்கிற்று. அச்சேறிய சில உருப்படிகள் மட்டும் ஆங்காங்கு நூலகங்களிற் கிடந்தன. இன்று உலகமெங்கும் கேட்கப்படும் நான்கு பருவங்கள் என்னும் உருப்படித் தொகை 1725-ம் ஆண்டில் அம்சுடர்டாம் நகரில் அச்சிடப்பட்டமையாற் பிழைத்தவற்றுள் ஒன்று. செருமானிய இசைமேதை பாக் என்பார் விவால்டியின் உருப்படிகள் சிலவற்றைத் தம் கருவிகளுக்கேற்ப மாற்றி எழுதியிருந்தார். அவரை ஆராய்ந்த அறிஞர்களே, இவ்விவால்டி யாவர் என்று பிற்காலத்தில் வினவலாயினர். அச்சேறாதவை எத்துணை என்பதை அவர்களும் அறிந்திலர்.

இவ்விடத்து இசையேடு என்பது யாதென விளக்குதல் வேண்டும். மேல்நாட்டார் ஐந்து கோடுகள் இட்டு, அவற்றின்மீதும் இடையிலும் புள்ளிகள் வைத்துச் சுரங்களை எழுதுவர். பல கருவிகள் கூடி ஒலிக்கும் உருப்படியாயின், அவை யாவும் ஒரே வேளையில் என்ன செய்யவேண்டும் என்பதை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய முழு ஏடு ஒன்று இருக்கும். வாசிப்போர் ஒவ்வொருவரிடமும் தத்தம் பங்கை மட்டும் எழுதிய தாள் இருக்கும். நம்மூர்க் கூத்தில் அண்ணாவியாரிடம் முழுக் கொப்பியும், ஆட்டக்காரரிடம் அவரவர் பாட்டு மட்டும் எழுதிய கொப்பியும் இருப்பதை அறிந்தோர்க்கு இஃது எளிதில் விளங்கும். தனித்தாள்கள் தொலைந்தால் முழு ஏட்டைக் கொண்டு மீண்டும் எழுதலாம். முழு ஏடு தொலைந்தாலோ, தனித்தாள்கள் அனைத்தும் ஒருங்கு கிடைத்தாலன்றி ஒன்றுஞ் செய்தற்கில்லை. விவால்டியின் இறப்பின் பின் எஞ்சியவை, பெரும்பாலும் அவர் தம்மிடமே வைத்திருந்த முழு ஏடுகளாம்.

அவ்வேடுகள் வெனிசு நகரத்துப் பிரபுவும் நூற்பித்தருமான சொரான்சோ என்பார் கையிற் சென்றன. பின்னர், செனோவா நகரத்துக் குடியிற் பிறந்து, வியன்னாவில் அரச நாடக அரங்குகளை நடத்தி, 1764-ம் ஆண்டின் பின் வெனிசில் தூதுவராய் இருந்த துராற்சோ பிரபுவின் உடைமையாயின. அவர் குடும்பத்தாருடன் செனோவாவுக்குச் சென்ற ஏடுகள், மாளிகை அலுமாரிகளில் நூறாண்டுக்கு மேல் உறங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சகோதரர் இருவர் முதுசொத்தைப் பங்கிட்டனர். காணியைப் பிரிப்பார் போல, நூல்களையும் இருகூறாக்கினர். எந்த நூலுக்கு எந்த நூல் துணை என்பதை நோக்குவாரில்லை.

அச்சகோதரருள் ஒருவர் தம் பாதியை இறக்கும்பொழுது சலேசியத் துறவிகளின் பாடசாலை ஒன்றுக்கு எழுதிவைத்தார். வட இத்தாலியிலே போர்கோ சான் மார்த்தினோ என்னும் சிற்றூரில் இருந்தது அப்பாடசாலை. 1926-ம் ஆண்டில், கட்டடம் திருத்தப் பணம் வேண்டியிருந்தமையால், அதன் தலைவர் பழைய ஏடுகளை விற்கலாமென எண்ணினார். அவரை யாரும் பழித்தல் ஆகாது. ஒழுகும் கூரையின்கீழ்ப் பிள்ளைகளை இருத்திக் கற்பித்தவர்க்கே அவர் கவலை விளங்கும். அன்றியும், அவர் விற்குமுன் விலைமதிப்பை அறிய விரும்பித் தூரின் நகரத்துத் தேசிய நூலகத்துக்கு எழுதினார். அவ்வொரு கடிதமே விவால்டியைக் காத்தது எனலாம். பழைய பொருள் வணிகர் ஒருவரிடம் நேரே கொடுத்திருந்தால், ஏடுகள் தனித்தனியே கிழிபட்டுத் திசைக்கொன்றாய்ப் போயிருக்கும்.

நூலகத் தலைவர் லூயிஜி தோரி, ஏடுகளைப் பரிசோதிக்கும் பணியைத் தூரின் பல்கலைக்கழகத்தில் இசை வரலாறு கற்பித்த அல்பேர்த்தோ ஜெந்தீலியிடம் ஒப்படைத்தார். பெட்டிகள் தூரினுக்கு வந்தன. 97 தொகுதிகள் இருந்தன. அவற்றுள் 14 தொகுதிகள் விவால்டியின் ஏடுகள். உலகம் இல்லையென்று நினைத்த இசை, மை மாறாமல், அடித்தல் திருத்தல்களுடன், ஆக்கியோன் கையெழுத்திலேயே தம்முன் கிடப்பதைக் கண்ட ஜெந்தீலியின் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும்! சிறுப்பிட்டி தந்த தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளை அவிழ்க்கும்போது கொண்ட நடுக்கத்தை மாணவர்க்கு எடுத்துரைத்துப் பழகிய எனக்கு, அது ஒருவாறு விளங்குகின்றது.

ஆனால் நூலகத்திடம் வாங்கப் பணம் இல்லை. அந்நூலகத்தின் நிலையையும் இங்கே குறித்தல் தகும். 1904-ம் ஆண்டு சனவரி மாதத்தில் ஓரிரவு அது தீப்பற்றி, ஆயிரக்கணக்கான நூல்களையும் அரிய கையெழுத்தேடுகளையும் இழந்தது. எரிந்த நூலகம் ஒன்றைக் கண்ட ஊரிற் பிறந்தவர்கள் நாம். 1981-ம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில், ஏறத்தாழ 97,000 நூல்களுடன் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்த காலத்தில் யான் கைக்குழந்தை. எனினும், எங்கள் வீட்டிற் பெரியோர் அதனைச் சாவீட்டுச் செய்தி போன்றே சொல்லக் கேட்டு வளர்ந்தேன். எரிந்த நூலகம் ஒன்றின் அலுவலர்க்கு, ஏடுகள் கைநழுவிப் போவதைக் கண்டிருக்க மனம் வாராது. நூல்களின் அருமையை அவர் சாம்பலிற் கற்றவர்.

ஜெந்தீலி தமக்குத் தெரிந்த செல்வர் ஒருவரை நாடினார். பங்குத் தரகராகிய றொபேர்த்தோ போவா என்பவர் அவர். போவாவின் ஆண்குழந்தை மௌரோ சிறிது காலத்துக்கு முன் இறந்திருந்தது. 1927-ம் ஆண்டில் அவர் அவ்வேடுகள் அனைத்தையும் விலைக்கு வாங்கி, இறந்த தம் மகன் பெயரால் நூலகத்துக்குக் கொடுத்தார்.

கதை இவ்வளவில் முடியவில்லை. ஜெந்தீலி தொகுதிகளை ஊன்றி நோக்கியபோது, அவற்றின் வரிசை இடையிடையே அறுந்திருப்பதைக் கண்டார். கிடைத்தது பாதியே என்பதும், மற்றைப் பாதி ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும் என்பதும் அவருக்கு விளங்கின. துராற்சோ குடும்பத்தின் கொடிவழியை ஆராய்ந்து தேடி, ஈற்றில் அதே குடியிற் பிறந்த முதியவர் ஒருவர் செனோவாவில் அப்பாதியை வைத்திருப்பதை அறிந்தனர். அவர் எளிதில் இணங்குபவர் அல்லர். மூன்றாண்டு முயற்சியின் பின்னரே, 1930-ம் ஆண்டில், அவர் ஏடுகளை விற்க உடன்பட்டார். இம்முறையும் பணம் இல்லை. இம்முறை உதவியவர் பிலிப்போ ஜோர்டானோ என்னும் கம்பளித்துணி உற்பத்தியாளர். அவரும் தம் சிறுமகன் றென்சோவை இழந்தவர்! இரண்டாம் பாதி அக்குழந்தையின் பெயரால் நூலகத்தை அடைந்தது.

இங்ஙனம், பிரிந்த இருபாதியும் ஒரு கூரையின்கீழ் மீண்டும் சேர்ந்தன. விவால்டியின் ஏடுகள் மட்டும் 27 தொகுதிகள். அவற்றில் 450 அளவான உருப்படிகள். இன்றும் அவை தூரின் நூலகத்தில் மௌரோ போவா தொகுதி, றென்சோ ஜோர்டானோ தொகுதி என்னும் பெயர்களுடனேயே விளங்குகின்றன. தாய் தந்தையரற்ற பிள்ளைகளுக்காக ஆக்கப்பட்ட இசையைப் பிள்ளைகளை இழந்த தந்தையர் இருவர் காத்தனர். இதனைப் புலவன் ஒருவன் புனைந்திருந்தால், மிகைபடக் கூறினான் என யானே குற்றங் கூறியிருப்பேன்.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுவேன். 1938-ம் ஆண்டில் இத்தாலிய அரசு யூதருக்கெதிரான சட்டங்களை இயற்றிற்று. யூதராகிய ஜெந்தீலி தம் ஆசிரியப் பதவியை இழந்தார். தாம் கண்டெடுத்த இசையைப் பதிப்பித்து உலகுக்கு அளிக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1939-ம் ஆண்டு செப்டெம்பர் மாதம் சியேனா நகரில், இசையாசிரியர் அல்பிரேடோ கசெல்லா முன்னின்று நடத்திய விவால்டி வாரத்தில், தூரின் ஏடுகளிலிருந்து எடுத்த உருப்படிகள் பல ஒலித்தன. இறைவன் புகழ் பாடும் குளோரியா என்னும் பெரும்பாட்டு அவற்றுள் ஒன்று. அப்போது உலகப்போர் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. போர் முடிந்த பின் 1947-ம் ஆண்டில், விவால்டிக்கென ஒரு நிறுவனம் தோன்றிற்று. மிலான் நகரத்து றிக்கோர்டி பதிப்பகத்தார் அவருடைய கருவியிசை உருப்படிகளை ஒன்றொன்றாக அச்சிடத் தொடங்கி, 1972-ம் ஆண்டளவில் 530 வெளியீடுகளாக நிறைவேற்றினர். அன்று திண்ணையில் என் மருமகன் கேட்டது அவ்வழி வந்த இசையே.

இனிக் காரணத்தைக் கூறுகின்றேன்.

என் தாயின் தந்தையார் எங்கள் ஊரில் அண்ணாவியாராய் இருந்தவர். பாரதக் கதையைத் தழுவித் தாமே பாடிய கூத்து ஒன்றை ஐந்து கொப்பிகளில் எழுதி, ஒரு தகரப்பெட்டியில் வேப்பிலை இட்டு வைத்திருந்தார். அதனை யான் அரங்கிற் கண்டதில்லை. அவர் பாடக் கேட்டதுண்டு. 1995-ம் ஆண்டு ஒக்டோபர் 30-ம் நாள், வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் வீடு துறந்து புறப்பட்டபோது எனக்கு வயது பதினைந்து. என் சைக்கிளில் அரிசிப் பையும் உடுப்பு மூட்டையும் கட்டியாயிற்று. அப்பு வாசலில் நின்று, "தம்பி, அந்தத் தகரப்பெட்டியையும் வைச்சுக் கட்டு மோனை" என்றார்.

யான் கட்டவில்லை. "இரண்டு நாளிலை திரும்பி வருவம் அப்பு. பெட்டி எங்கை போகப் போகுது?" என்றேன். இடமில்லை என்று சொல்லியிருந்தால் மெய்யாக இருந்திராது. சைக்கிளின் முன்பக்கத்தில் என் துடுப்பாட்ட மட்டையைக் கட்டியிருந்தேன். அவர் மட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலம் வரை, மழையில் என் சைக்கிளின் பின்புறத்தைப் பிடித்தபடி நடந்து வந்தார்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது, வீட்டுக்குக் கூரை இல்லை. தகரப்பெட்டியும் இல்லை. கிணற்றடியில் மட்டும், மண்ணோடு மண்ணாய் ஒட்டிய சில தாள்கள் கிடந்தன. எடுக்க எடுக்க அவை விரலிற் கரைந்தன. அப்பு அதன்பின் ஓராண்டு உயிருடன் இருந்தார். அக்கூத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, யானும் கேட்கவில்லை. நினைவில் உள்ளதையாவது சொல்லுங்கள், எழுதிக்கொள்கின்றேன் என்று ஒருநாள் கேட்டிருக்கலாம். நாணத்தாற் கேளாமல் இருந்துவிட்டேன். பெட்டியை விட்டுச் சென்றதைக் காட்டிலும் அக்கேளாமையே பெரும் பிழை என இன்று எண்ணுகின்றேன். முன்னது சிறுவன் செய்தது. பின்னது, அறிந்தே செய்தது.

போர்கோ சான் மார்த்தினோவின் கதையைக் கேட்ட பின்னரே, எனக்கு ஒன்று தோன்றியது. எரிந்ததும் கரைந்ததும் அண்ணாவியாரின் முழுக் கொப்பி. ஆட்டக்காரரின் கொப்பிகள் எங்கே? அன்று தொடங்கி ஓய்வு நாட்களில் ஊரூராய்ச் சென்று விசாரித்து வருகின்றேன். கூத்தில் கன்னனாக ஆடியவர் முன்னரே காலமானார். அவர் வீட்டை இடித்துப் புதுவீடு கட்ட ஆயத்தம் நடந்தபொழுது யான் போய்ச் சேர்ந்தேன். பறண் மீதிருந்த பழைய சாமான்களைக் குப்பையோடு எரிக்க முற்றத்திற் குவித்திருந்தனர். அக்குவியலிற் கன்னன் பங்கு முழுவதும் எழுதிய கொப்பி ஒன்று இருந்தது. அது அப்புவின் கையெழுத்து. வேறோர் ஊரில், குந்தியாக ஆடியவரின் மகள், தகப்பனார் பாடக் கேட்ட தருக்களை நினைவிலிருந்து பாடினார், எழுதிக்கொண்டேன். பதினொரு பாத்திரங்களுள் இரண்டு கிடைத்துள்ளன. கன்னனும் குந்தியும் ஒருவரை ஒருவர் கண்டு பேசும் கட்டம் மட்டும் இப்பொழுது முழுமையாய் இருக்கின்றது. ஏனையவை யார் வீட்டுப் பறணில் உள்ளனவோ!

பழைய மாணவர்களாகிய அன்பர்களே, உங்கள் வீடுகளிற் பாட்டன் பாட்டியர் காலத்துக் கொப்பிகள், கூத்துப் பாட்டுக்கள், ஊஞ்சற் பாட்டுக்கள், கல்வெட்டுப் பாடல்கள், கோயிற் பதிகங்கள், கடிதங்கள் இருத்தல் கூடும். வெளிநாடுகளில் வாழ்வோர் ஊரிலுள்ள பழைய வீட்டை விற்கும்போதும், ஒழுகும் கூரையைத் திருத்தும்போதும், அவற்றைக் கழித்துவிடுதல் இயல்பே. கழிக்குமுன் அச்சலேசியத் தலைவர் செய்தது போல ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டா. வாசிக்கத் தெரியாவிடினும் பாதகமில்லை. அவருக்கும் தம்மிடம் இருந்தது யாதென்று தெரிந்திருக்கவில்லை.

கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரியை இதற்கென ஒதுக்கித் தர அதிபர் அவர்கள் இசைந்துள்ளார். கொண்டுவரும் ஏடுகளைப் படியெடுத்து, விரும்புவோர்க்கு மூலத்தைத் திருப்பிக் கொடுப்போம். ஐந்தாம் பாடவேளையின் பின் யான் பெரும்பாலும் அங்கே இருப்பேன்.